‘முடியாது’ என்பதற்கு ஒரு முதுகலைப் பட்டம்

அன்புச்செல்வி முப்பத்து மூன்று வயதில் மறுபடியும் படிக்கப் போனதற்குக் காரணம் ஒரு கடைவாய்ப் பல். அதுவும் அவருடைய பல் அல்ல.

அப்போது அவர் சிங்காநல்லூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் இருந்தார். டோக்கன் போடுவது, போன் எடுப்பது, எக்ஸ்ரேயை உறையில் போட்டுக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை என்று சம்பள ஏட்டில் இருக்கும். நிஜமான வேலை ஒன்றுதான். டாக்டரால் ஆகாததை, டாக்டருக்குப் பதிலாக, யார் மனசும் நோகாமல் சொல்லி அனுப்ப வேண்டும். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ‘இன்னைக்கு முடியாது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதே இல்லை. “பாக்கலாமுங்க” என்பார். கேட்டவர், “சரிங்க, நாளைக்கு வாரேனுங்க” என்று சிரித்த முகமாக எழுந்து போய்விடுவார். கோயம்புத்தூரில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஒரு சனிக்கிழமை காலையில் கன்னம் வீங்கிப்போய் ஓர் ஒடிசாக்காரர் வந்தார். பக்கத்து ஃபவுண்டரியில் வேலை. அன்றைக்கு டோக்கன் முன்னமே தீர்ந்திருந்தது. அன்புச்செல்வி வழக்கம்போல, “டாக்டர் பாக்கலாமுங்க” என்றார். அந்த மனிதர் தமிழைச் சொல் சொல்லாகப் பொறுக்கிப் பொருள் பண்ணிக்கொள்கிறவர். டாக்டர் பார்க்கலாம் என்றால் டாக்டர் பார்ப்பார் என்றுதானே ஆகிறது? உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் அன்புச்செல்வி மறுபடி, “பாக்கலாமுங்க” என்றார், இந்தத் தடவை கொஞ்சம் இழுத்து. அவரும் நன்றியோடு தலையாட்டிவிட்டு இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். சாயங்காலம் ஷட்டரை இறக்கப் போகும்போதுதான் அன்புச்செல்விக்கு விஷயம் உறைத்தது. காலையிலிருந்து இவர் ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். காலையிலிருந்து அவர் ‘சரி’ என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

கார் சாவியோடு கிளம்பிய டாக்டரை வாசலில் மறித்து, அந்தப் பல்லைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அவர் கணவர் தமிழ்வேந்தன் லிஃப்ட் மெக்கானிக். நடந்ததைக் கேட்டுவிட்டு, “லிஃப்டாட்டம் பேசோணும் அன்பு. மேலன்னா மேல, கீழன்னா கீழ” என்றார்.

“அப்படிப் பேசறவங்க நம்மூர்ல ஆராவது இருக்காங்களா?”

தமிழ்வேந்தன் யோசித்துப் பார்த்தார். “லிஃப்டுதான் இருக்குது.”

இது சிரித்துவிட்டு மறக்கிற விஷயமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த வாரமே செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வந்தது. பயன்பாட்டு மொழியியலும் மொழி கற்பித்தலும், இரண்டாண்டு முதுகலைப் படிப்பு, எந்தப் பட்டதாரியும் சேரலாம், வயது வரம்பு இல்லை. அன்புச்செல்வி என்றைக்கோ பி.ஏ. தமிழ் முடித்திருந்தார். பேச்சில் வருகிற சிக்கலைப் பிரித்துப் பார்க்க ஒரு படிப்பே இருக்கிறது என்பது அவருக்குப் புதிது. கிணத்துக்கடவில் இருக்கும் அப்பா பிரான்சிஸுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

“மொழியியலுன்னா என்ன கண்ணு? தமிழ் வாத்தியார் வேலையா?”

“இல்லீங்கப்பா. மனுசங்க எப்படிப் பேசிக்கறாங்கன்னு பாக்கறதுங்க.”

“அதுக்கு எதுக்கு ரெண்டு வருசம்? எம்பட ஆட்டோ ஸ்டாண்டுல ஒரு நாள் உக்காந்தாப் போதுமே.”

சேர்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சாயங்காலம் மட்டும் வேலை பார்ப்பதாகப் பேசிக்கொண்டார். வகுப்பில் எல்லாரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று. முதல் நாளே அக்கா ஆகிவிட்டார். முதல் பருவத்தில் ஒலியியல் பாடம். நாக்கு எந்த இடத்தில் தொட்டால் எந்த எழுத்து பிறக்கிறது என்று வாயின் குறுக்குவெட்டுப் படம் வரையச் சொன்னார்கள். மற்றவர்கள் ஏதோ ஒரு குகையை வரைந்து வைத்திருக்க, அன்புச்செல்வி வேரோடும் ஈறோடும் முப்பத்திரண்டு பல்லும் வரைந்து, கீழ்வரிசை ஞானப்பல் கொஞ்சம் சாய்ந்து முளைத்திருப்பதையும் காட்டியிருந்தார். ஆசிரியர், “பல்லு ஒண்ணு இருந்தாப் போதுங்க. இதைப் பாத்தா எனக்கே வலிக்குது” என்றார்.

இரண்டாம் ஆண்டுக்கு ஆய்வேடு எழுத வேண்டும். வழிகாட்டியாகப் பேராசிரியர் புவனா கிடைத்தார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர், ஹைதராபாத்தில் ஆராய்ச்சி முடித்தவர், எதற்கும் குரலை உயர்த்தாதவர். கடைப் பெயர்ப் பலகைகளில் தமிழும் ஆங்கிலமும் எப்படிக் கலக்கின்றன என்று எழுதப் போவதாக அன்புச்செல்வி சொன்னார். புவனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “நல்லாத்தான் இருக்குதுங்க. பண்ணிப் பாக்கலாமே” என்றார்.

ஒரு மாதம் அன்புச்செல்விக்கு இதே வேலை. ஞாயிறுகளில் தமிழ்வேந்தன் பைக் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து காந்திபுரத்திலிருந்து உக்கடம் வரை ஒரு பலகை விடாமல் படம் பிடித்தார். ‘நியூ ஓல்டு பாத்திரக் கடை’ என்று ஒன்று அகப்பட்டபோது இருவரும் பாராட்டிக்கொண்டு கரும்புச்சாறு குடித்தார்கள். அத்தனையையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போய் புவனாவின் மேசையில் வைத்தார்.

“அடடா, நீங்க இன்னும் இதையா பண்ணிட்டிருக்கீங்க?” என்றார் புவனா. “அன்னைக்கே வேண்டாம்னு சொன்னனே.”

“எப்பங்க மேடம் சொன்னீங்க?”

“பண்ணிப் பாக்கலாமேன்னு சொன்னேனல்லங்க?”

அன்புச்செல்வி நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். வருஷக்கணக்கில் ஊருக்கெல்லாம் ‘பாக்கலாம்’ சொன்ன வாய். தனக்கு யாரோ சொன்னபோது தெரியவில்லை. புவனாவுக்கு முதலில் சங்கடமாக இருந்தது, பிறகு உதட்டோரம் துடித்தது, பிறகு அடக்க முடியவில்லை. இருவரும் சிரித்து ஓய்ந்தபோது பக்கத்து அறைப் பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“இதையே எடுங்க” என்றார் புவனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கொங்குத் தமிழ்ல எப்படி மறுக்கறாங்க, அதை வெளியூர்க்காரங்களுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கறது. இந்தத் தடவை நெசமாவே சொல்றேனுங்க. எடுங்க.”

அன்புச்செல்வி எழுந்திருக்கவில்லை. “எடுங்கன்னா எடுத்துரட்டுங்களா மேடம்?”

“எடுத்துருங்க!”

வேலையைத் துவக்கினார். இம்மாதிரி ஆராய்ச்சிக்கு ஒரு வழக்கமான முறை உண்டு. ஒரு சூழ்நிலையைத் தாளில் எழுதிக் கொடுத்து, நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்க வேண்டும். ‘பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் பைக்கைக் கேட்கிறார். தர விருப்பமில்லை. என்ன சொல்வீர்கள்?’ தாள்கள் திரும்பி வந்தபோது அன்புச்செல்விக்கு ஆச்சரியம். ஊரில் இத்தனை வீரர்கள் இருப்பது அவருக்குத் தெரியாமல் போயிற்று. ‘முடியாது’, ‘தர இயலாது’, ‘மன்னிக்கவும், வாய்ப்பே இல்லை’. தமிழ்வேந்தனோ, ‘எக்காரணம் கொண்டும் தரமாட்டேன்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். அன்று சாயங்காலமே மூன்றாவது வீட்டுக்காரர் அவருடைய பைக்கை எடுத்துக்கொண்டு திருப்பூர் போயிருந்தார். தமிழ்வேந்தன் பஸ்ஸுக்கு நின்றார்.

“தாள்ல அடிக்கோடு போட்டீங்களே?”

“தாளு கேட்டா மாட்டேங்கலாம் அன்பு. மனுசன் வந்து நின்னு கேக்கறானே.”

சரி, மனிதர் வந்து நின்று கேட்டால்தான் நிஜமான பதில் வரும் என்று முடிவு செய்தார். யாரும் தர முடியாத ஒன்றை நேரில் கேட்பது, அவர்கள் எப்படி மறுக்கிறார்கள் என்று பார்ப்பது. அவர்கள் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கீழே பாப்பாயி என்பவரின் மாவுக் கடை. சாய்த்து மாவைக் கொட்டுகிற பெரிய கிரைண்டர் ஒன்றுதான் அந்தக் கடையின் முதல், தொழில், சொத்து எல்லாம். ஒரு நாள் காலையில் வகுப்புக்குப் போகிற வழியில் அன்புச்செல்வி நின்று கேட்டார்.

“அக்கா, ஊட்டுக்கு ஒறம்பரை, சொந்தக்காரங்க வர்றாங்க. உங்க கிரைண்டரெ ரெண்டு நாளைக்குக் குடுக்கறீங்களா?”

பாப்பாயி மாவு அள்ளிய கையை அந்தரத்தில் நிறுத்தினார். ஒரு நிமிஷம் இவர் முகத்தைப் பார்த்தார்.

“அதுக்கென்னம்மிணி, தாராளமா எடுத்துக்க. உனக்கில்லாததா?”

அன்புச்செல்விக்கு ஏமாற்றம். மறுப்பு கிடைக்கும் என்று பார்த்தால் சம்மதம் கிடைத்துவிட்டதே. தமிழ்வேந்தனைப் போனில் கூப்பிட்டு, “பாப்பாயிக்கா கிரைண்டரையே தர்றேன்னுட்டாங்க, பாருங்க” என்று அலுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

சாயங்காலம் திரும்பி வந்தால் வீட்டு ஹாலின் நடுவே கிரைண்டர் நின்றது. சோபா பால்கனியில் இருந்தது. பாப்பாயி சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பல்லடம் போயிருந்த நேரத்தில், கடையில் இருந்த பெண்ணிடம் ‘அக்கா சொல்லிட்டாங்க’ என்று சொல்லி, லிஃப்ட் கம்பெனி ஆட்கள் இருவரைத் துணைக்குக் கூட்டி, சங்கிலி கட்டித் தமிழ்வேந்தன் மேலே ஏற்றியிருந்தார். “ஒரு கீறல் இல்லாமக் கொண்டாந்துட்டனாக்கும்” என்றார் பெருமையாக.

அன்புச்செல்வி வாயைத் திறப்பதற்குள் படியில் காலடி கேட்டது. பட்டுச்சேலையோடு பாப்பாயி வந்து நின்றார். ஹாலைப் பார்த்தார். கிரைண்டரைப் பார்த்தார்.

“ஏனம்மிணி, எடுத்துக்கன்னா எடுத்துருவியா?”

“நீங்கதானக்கா சொன்னீங்க…”

“சொன்னேன். மாவுக் கடைக்காரிகிட்ட வந்து கிரைண்டரெக் கேக்கறே. நாக்கு மேல பல்லுப் போட்டு இல்லைன்னு சொல்ல முடியுமா? ‘அய்யோ வேண்டாங்க்கா, சும்மா கேட்டேன்’னு நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். நீ பொட்டாட்டம் பேசாமத் தலையாட்டிட்டுப் போயிட்டே. நானும் புள்ளைக்குப் புரிஞ்சுதுன்னு நிம்மதியாப் பல்லடம் போனேன்!”

அன்றைக்கே இறக்கிவிட்டார்கள். ஆனால் இறக்கும்போது எங்கோ இடித்து, கல்லு சுற்றவில்லை. மறுநாள் அந்த வீதி முழுக்க உப்புமா. யார் காரணம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “என்னங்க, நல்லா இருக்கீங்களா?” என்று வழக்கத்தைவிட மரியாதையாக விசாரித்தார்கள். அதுதான் திட்டு என்று அன்புச்செல்விக்குப் புரிந்தது.

கதையைக் கேட்டு புவனா சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. “பொய் சொல்லித் தரவு வாங்கக் கூடாதுங்க. இது ஆராய்ச்சிக்குன்னு சொல்லி, அவங்க சம்மதம் கேட்டுட்டுத்தான் எதுவும். போயிச் சொல்லிருங்க.” அன்புச்செல்வி போய்ச் சொன்னார். பாப்பாயிக்குக் கோபம் போய்விட்டது, ஆனால் சும்மா விடவில்லை. ஒரு வாரத்துக்குக் கடைகளுக்கு மாவு வாளி தூக்கிப் போட ஆள் வேண்டும், தமிழ்வேந்தன் தம்பி வருவாரா என்று கேட்டார். தமிழ்வேந்தன், “அதுக்கென்னுங்க்கா” என்றார். ஒரு வாரமும் தூக்கினார்.

ஆய்வேட்டோடு சேர்த்து மூன்று மாதம் வகுப்பெடுத்தும் காட்ட வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ் சொல்லித் தருவதென்று அன்புச்செல்வி தீர்மானித்தார். சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்காரர்கள் பலருக்குப் போன் செய்தார். கிடைத்த பதில்களை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காளிச்சாமி என்ற ஒருவர் மட்டும் உடனே சரி என்றார்.

“வாங்க டீச்சருங்க, வாங்க. ஞாயித்துக்கெழம தறி ஓடாதுங்க. குடோன்லயே எடமிருக்குதுங்க. நம்ம பசங்களுக்கு நிறுத்துன்னா நிறுத்தத் தெரியோணுங்க, எடுன்னா எடுக்கத் தெரியோணுங்க. அது போதுங்க.”

போனில் ‘ங்க’ மழையாகக் கொட்டியது. முதல் ஞாயிறு நேரில் போனபோதும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. காளிச்சாமி அறுபதைத் தொட்டவர், தோட்டமும் தறியும் உள்ளவர். வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் மனைவி நாச்சியம்மாள் டீ கொண்டுவந்தார்.

“டீச்சருக்கு எந்த ஊருங்க?”

“கிணத்துக்கடவுங்க.”

“அட, நம்ம சம்பந்தி ஊடு அங்கதானுங்களே! எந்த வீதிங்க?”

“சர்ச்சுக்குப் பின்னால இருக்கற வீதிங்க.”

“ஓ.” காளிச்சாமி வேப்பமரத்தைப் பார்த்தார். “அப்பா என்ன பண்றாரு?”

“ஆட்டோ ஓட்டறாருங்க. அதுக்கு முந்தி தென்னந்தோப்புல வேலைங்க.”

“சரி, சரி. டீ ஆறுது. குடி.”

வாங்க என்று துவங்கியது, டீ ஆறுவதற்குள் ‘குடி’யில் வந்து நின்றுவிட்டது. அன்புச்செல்விக்கு இந்த வழி புதிதல்ல, சின்ன வயசிலிருந்து தெரிந்ததுதான். ஆனாலும் காது சூடானது. கிளம்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தறிக்குடோன் வாசலில் பத்துப் பதினைந்து பேர் குளித்துத் தலை சீவி, நோட்டும் பேனாவுமாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்தார். வகுப்புக்குப் போனார்.

அன்றைய பாடத்தை மாற்றிக்கொண்டார். நிறுத்து, எடு எல்லாம் பிறகு. முதல் பாடம் ‘ங்க’. வாங்க, போங்க, சொல்லுங்க, உக்காருங்க. யாராக இருந்தாலும் சேர்த்துச் சொல்லுங்கள், உங்களுக்குள்ளும் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் அதை ஒரு திருவிழாவாக ஆக்கிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அன்புச்செல்வி பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே மொத்தக் கூட்டமும், “வாங்கங்க டீச்சருங்க! உக்காருங்கங்க!” என்று கூவியது. சிலர் காளிச்சாமி வீட்டு நாய்க்கும் ‘ங்க’ போட்டார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவர் காளிச்சாமி. தன் ஆட்கள் எல்லாரும் வாங்க என்னும் இடத்தில் அவர் வா என்றால் அவருக்கே விகாரமாகப் பட்டது. ‘வாங்க’வுக்குத் திரும்ப ஏறவும் நாக்கு வரவில்லை. ஆகவே நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்தார். “டீச்சர் வந்தாச்சா?” என்பார். “டீ குடிச்சாச்சா?” என்பார். “அடுத்த வாரம் எப்ப வர்றது?” என்பார். வாவும் இல்லை, வாங்கவும் இல்லை. யார் வந்தது, யார் குடித்தது என்றே இல்லாமல் மூன்று வாரம் பேசினார். அன்புச்செல்வி பஸ்ஸில் திரும்பும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கரிப்பும் உண்டு. புவனாவிடம் சொன்னபோது அவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

“இதுக்கு ஒரு அத்தியாயமே எழுதலாமுங்க!”

“எழுதலாம்னா, எழுதட்டுங்களா வேண்டாங்களா மேடம்?”

“எழுதுங்க அன்புச்செல்வி, எழுதுங்க!”

வகுப்பில் சுமித்ரா என்றொரு பெண் இருந்தார். ஒடிசாவில் பாலங்கீர்ப் பக்கத்துக்காரர், கணவரும் அவரும் அதே குடோனில் வேலை. தறிக்கு நூல் சுற்றித் தருவார். இருபத்தாறு வயதிருக்கும், எதையும் ஒரு தடவை கேட்டால் போதும். தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக லீவு கேட்டிருந்தார். காளிச்சாமி பதில் சொல்லிவிட்டார் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

“என்ன சொன்னாருங்க?” என்று அன்புச்செல்வி கேட்டார்.

“பாக்கலாம் சொன்னாரு! ரெண்டு தடவை சொன்னாரு!”

அன்புச்செல்விக்குப் பல் ஆஸ்பத்திரி பெஞ்சு கண்முன் வந்தது. பாடப் புத்தகத்தை மூடி வைத்தார். அன்றைக்கு ‘பாக்கலாம்’ பாடம் நடந்தது. பாக்கலாம் என்று ஒருவர் சொன்னால் உடனே, ‘எப்பங்க?’ என்று கேட்க வேண்டும். ஒரு கிழமையைச் சொன்னால் சரி என்று அர்த்தம். மேலே விட்டத்தைப் பார்த்தால் இல்லை என்று அர்த்தம். நடித்துப் பழகச் சொன்னார். சுமித்ராதான் முதலாளி ஆனார். ஒருவருடைய துண்டை வாங்கித் தோளில் போட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, வேட்டி நுனியைப் பிடிப்பதுபோல் சேலையைப் பிடித்து நடந்தார். “பாக்கலாம்… பாக்கலாம்…” என்று தொண்டையைக் கனைத்து விட்டத்தை அண்ணாந்து பார்த்தார். குடோனே அதிர்ந்தது. பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. எல்லாரும் சுமித்ராவுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

வாசலில் காளிச்சாமி நின்றார். வேட்டி நுனியைக் கையில் பிடித்திருந்தார்.

அவருக்குப் பின்னாலிருந்து நாச்சியம்மாளின் சிரிப்புத்தான் முதலில் வந்தது. “அப்படியே உரிச்சு வெச்சாப்பல இருக்குதுங்க! அந்தக் கனைப்பு இருக்குது பாருங்க!” என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சுமித்ரா துண்டை இறக்கினார். முகம் சிவந்திருந்தது. ஆனால் இதைவிட நல்ல நேரம் அமையாது என்று நினைத்திருக்க வேண்டும். “ஐயா, என் லீவு. எப்பங்க பாக்கறீங்க?” என்று கேட்டார்.

காளிச்சாமி விட்டத்தைப் பார்த்தார்.

வகுப்பில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக விட்டத்தைப் பார்த்தார்கள்.

“அங்க என்ன இருக்குது?” என்றார் காளிச்சாமி, குழம்பிப்போய்.

“ஒண்ணுமில்லீங்க” என்றார் அன்புச்செல்வி. “பாடமுங்க.”

“புதன்கெழம சொல்றேன்” என்றார் அவர்.

“ஏனுங்க, இன்னைக்கே சொல்லிப்போடுங்க. கல்யாணம் உங்களுக்காக நின்னுட்டிருக்குமா?” என்றார் நாச்சியம்மாள்.

காளிச்சாமி மனைவியைப் பார்த்தார், சுமித்ராவைப் பார்த்தார். “சரி. போயிட்டு வா. பத்து நாளு. அதுக்கு மேல ஆவாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். கனைப்பு வந்தது போலிருக்கிறது, அடக்கிக்கொண்டார்.

பின்வரிசையில் ஒருவர் கை தூக்கினார். “டீச்சருங்க, போயிட்டு வான்னா சரியா, இல்லையா?”

“சரிதானுங்க.”

குடோன் மறுபடி அதிர்ந்தது.

மே மாதம் வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். அன்புச்செல்வி பேசி முடித்ததும் அவர் ஏட்டைத் தட்டிக் காட்டி, “மூணாவது அத்தியாயம் தேவையே இல்லை. எடுத்துருங்க. காளிச்சாமி அத்தியாயம் பிரமாதம். அட்டவணை எல்லாம் தப்பு” என்றார். புவனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அவரு அப்படித்தானுங்க, மனசுல வெச்சுக்காதீங்க” என்று வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார். அன்புச்செல்வியோ பூரித்துப்போயிருந்தார். இப்படி ஒரு தெளிவை அவர் ஆயுளில் கேட்டதில்லை. அன்றைக்கே அத்தியாயத்தை எடுத்தார், அட்டவணையைத் திருத்தினார், முதல் வகுப்பில் தேறினார்.

இப்போது பீளமேட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், வெளிமாநிலங்களிலிருந்து வரும் நர்சுகளுக்கு நோயாளிகளின் தமிழைச் சொல்லித் தருகிறார். ‘கொஞ்சமா வலிக்குதுங்க’ என்று இந்த ஊர்க்காரர் சொன்னால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள் என்பது அதில் ஒரு பாடம். ஞாயிற்றுக்கிழமை சோமனூரை மட்டும் விடவில்லை.

அங்கே இப்போது ஒரு மாணவி கூடியிருக்கிறார். சுமித்ரா கல்யாணம் முடிந்து திரும்பிய வாரம், நாச்சியம்மாள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குடோனுக்குள் வந்து உட்கார்ந்தார்.

“இந்தப் புள்ளைக அவிக பாசையில என்னமோ பேசிச் சிரிக்கறாங்க. எதுக்குச் சிரிக்கறாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? எனக்கு ஒடியா சொல்லிக் குடுங்க.”

அன்புச்செல்விக்கு ஒடியா தெரியாது. சுமித்ராவை எழுப்பி முன்னால் நிறுத்திவிட்டுத் தான் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். சுமித்ரா கண்டிப்பான ஆசிரியர். ஒடியாவில் ‘நீ’ என்பதற்கு மூன்று சொல் உண்டு, நெருங்கியவர்களுக்கு ‘தூ’, சமமானவர்களுக்கு ‘துமே’, பெரியவர்களுக்கு ‘ஆப்பண’ என்று விரல் மடக்கிச் சொன்னார்.

“அப்ப உன்னெ நானு எதச் சொல்லிக் கூப்பிடறது?” என்றார் நாச்சியம்மாள்.

சுமித்ரா ஒரு நொடி தயங்கினார். பிறகு நிமிர்ந்து, “நான் டீச்சர். டீச்சருக்கு ஆப்பண” என்றார்.

நாச்சியம்மாள் யோசித்தார். “நாயந்தானே. சொல்லிக் குடுங்க டீச்சரு, கேப்போம்” என்றார்.

போன ஞாயிறு நாச்சியம்மாளுக்குத் தேர்வு. சுமித்ரா தன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்துவிட்டார். திரையில் ஓர் அம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். நாச்சியம்மாள் தொண்டையைச் சரிசெய்து, ஒரு வாரமாகச் சொல்லிப் பழகியதை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். “ஆப்பண… கெமித்தி… அச்சந்தி?” நலமா இருக்கீங்களா என்று அர்த்தம்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் ஒடியா கொட்டத் துவங்கியது. நாச்சியம்மாளுக்கு ஒரு சொல் புரியவில்லை. திரும்பி சுமித்ராவைப் பார்த்தார். சுமித்ரா, தேர்வில் உதவி கிடையாது என்று கையை விரித்தார். அந்த அம்மாள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், நாச்சியம்மாள் தமிழில் புகுந்தார். “ஆமாங்க, புள்ளை நல்லா இருக்கறா. சோறுதான் எறங்க மாட்டீங்குது, கொஞ்சூண்டுதான் திங்கறா. கண்ணாலம் நல்லபடியா ஆச்சுங்களா? மாப்ள என்ன பண்றாரு?” அந்த அம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு ஒடியாவில் பதில் சொன்னார். நாச்சியம்மாள், “அப்படீங்களா!” என்றார். அந்தப் பக்கத்தில் ஓர் ஆட்டைத் தூக்கிக் காட்டினார்கள். நாச்சியம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் எருமையைக் காட்டினார்.

தேர்வுக்கு மதிப்பெண் போடுவதற்காக அன்புச்செல்வி எடுத்து வைத்திருந்த பேனா மூடியோடு மடியில் கிடந்தது. காளிச்சாமி வந்து காப்பிக்காக நின்றார். யாரும் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவரே வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.